கிண்டர் மலைக்கு அடுப்போடு வருகிறவர்களுக்கு

மான்செஸ்டரிலிருந்தும் ஷெஃபீல்டிலிருந்தும் வார இறுதியில் ரயில் பிடித்து, ஈடேலில் இறங்கி இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கௌட் மலை ஏறுகிற எல்லாருக்கும், குறிப்பாக ஒருமுறை பயன்படுத்தி எறியும் பார்பிக்யூ தட்டை, அதாவது கரி வைத்த தட்டு அடுப்பை, பையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு,

போன மே மாதம் மேலே, பாதையிலிருந்து பத்தடி தள்ளி, ஹெதர் புதர்களுக்கு நடுவே அப்படி ஒரு அலுமினியத் தட்டு கிடந்தது. பக்கத்தில் ஆளில்லை. தொட்டால் சுட்டது. கையிலிருந்த இரண்டு பாட்டில் தண்ணீரையும் ஊற்றினேன், புகை அடங்கிய பிறகும் கிளம்ப மனசு வராமல் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, கருகிய மண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் இவ்வளவு பயம் என்றால், அங்கே காலடியில் இருப்பது சாதாரண மண் இல்லை, பீட். முற்றா நிலக்கரி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். எரிபொருள் மேலேயே அடுப்பு மூட்டுகிறோம். ஈரத்தில் முழுசாக மக்காமல் தங்கிப்போன பாசியும் செடியும் வருஷத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் சேர்ந்து உண்டான மண் அது. ஒரு மீட்டர் ஆழம் சேர ஆயிரம் வருஷம் ஆகும். மேலே தீயை அணைத்தாலும், காய்ந்த பீட்டுக்குள் இறங்கிய கனல் நாள்கணக்கில் புகைந்து வேறொரு இடத்தில் தலைகாட்டும். 2018 ஜூனில் வடக்கே சாடில்வொர்த் மூர் என்ற பீட் மேட்டுநிலம் பற்றி எரிந்தபோது ராணுவத்தையே வரவழைக்க வேண்டியிருந்தது.

இந்த மலை ஏற்கெனவே நிறையப் பட்டுவிட்டது. சுற்றுப்பட்டு ஊர்களின் ஆலைப் புகை மழையோடு அமிலமாக இறங்கி, பீட்டை உண்டாக்குகிற ஸ்பாக்னம் பாசியையே கொன்றது. மண் வெறுமையாகி ஓடைகளில் கரைந்து போனது. இப்போது அந்த ஓடைகளை அடைத்து, பாசியைத் திரும்ப நட்டு, ஈரத்தை மெல்ல மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஸ்நேக் பாஸ் மலைச்சாலைப் பக்கம் போகும் பென்னைன் வே என்ற நெடுந்தூர நடைபாதையில் பலகைக் கற்கள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பென்னைன் வேயில் இப்படிப் பதித்தவற்றில் பல, இடிக்கப்பட்ட பஞ்சாலைகளின் தரையிலிருந்து பெயர்த்து எடுத்தவை. அந்த மாதிரி ஆலைகளின் கல்தான் இன்று நம் காலைத் தாங்கி மிச்சமிருக்கும் மண்ணைக் காக்கிறது. சகதி இல்லாவிட்டாலும் அந்தக் கல்லைவிட்டு இறங்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. இது ஒரு காலத்தில் கிரவுஸ் பறவை வேட்டைக்காக நிலக்காரர்கள் மற்றவர்களை விடாமல் வைத்திருந்த மலை. 1932 ஏப்ரல் 24 அன்று ஹேஃபீல்டிலிருந்து சில நூறு பேர் காவல்காரர்களை மீறி ஏறினார்கள், ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அவர்களைப் போன்றவர்கள் போராடிப் பெற்ற உரிமையில்தான் நாம் நடக்கிறோம். தீ அபாயம் கூடினால் இந்த நிலத்தை மூட இன்றும் சட்டத்தில் இடமிருக்கிறது.

அதனால் அடுப்பு வேண்டாம். புளிசாதம் கட்டிக்கொண்டு வாருங்கள், ஆறினாலும் ருசிக்கும். எங்காவது புகை தெரிந்தால் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று கடந்து போகாமல், 999-ஐ அழைத்துத் தீயணைப்பு வேண்டுமென்று சொல்லுங்கள். நிற்கிற இடத்தைச் சரியாகச் சொல்ல வரைபடம் கையில் இருக்கட்டும்.