ஆர்.எஸ்.ஓ.விடம் இந்த வாரமே எழுதிக் கொடு

திருப்பரங்குன்றம்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது.

நேற்று இரவு நீ கர்ப்பமாக இருக்கும் நல்ல செய்தியைப் போனில் சொன்னதும், அப்பா நேரம் காலம் பார்க்காமல் மலையடிவாரம் வரை நடந்துபோய்க் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு வந்தார். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருக்கிறது. ஆனால், மூன்று மாதம் முடிந்த பிறகுதான் நீ வேலை பார்க்கும் மருத்துவமனையின் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் சொல்லப்போவதாக நீ பேச்சோடு பேச்சாகச் சொன்னது என்னைத் தூங்க விடவில்லை. சொந்தபந்தங்களிடம் மூன்று மாதம் கழித்தே சொல், அது நம் வழக்கம். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரான ஆர்.எஸ்.ஓ.விடம் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதே.

நீ என் வயிற்றில் இருந்தபோது நானும் அப்படித்தான் மறைத்தேன். அப்போது மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு வேலை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வைக்கும், கதிர்வீச்சை வெளியிடும் சீசியம்-137 குழாய்களை ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று நீண்ட இடுக்கியால் எடுத்து அடுக்கி, ஈயப் பெட்டியில் வைத்து, வண்டியில் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எனக்கு முன்பு உண்டான ஒரு தோழி அதை மேலிடத்தில் சொன்ன மறுவாரமே வேலையை விட்டு நிறுத்தப்பட்டாள். அவளுக்கு நேர்ந்தது எனக்கும் நேரும் என்ற பயத்தில் நான்காம் மாதம் வரை வாய் திறக்காமல் இருந்துவிட்டேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு உண்மையான வேதனை தொடங்கியது. நாம் அணியும் டி.எல்.டி. என்ற கதிர்வீச்சு அளவிடும் பேட்ஜ் நம்மைக் காப்பதில்லை, நம் மேல் பட்டதைக் கணக்கு மட்டுமே வைக்கிறது என்பது உனக்குத் தெரியும். அதிலும் மார்பில் குத்திய பேட்ஜ் மார்பில் பட்டதைத்தான் சொல்லும். வண்டியைத் தள்ளும்போது பெட்டிக்கு அருகில் இருந்த என் வயிற்றில் பட்டதை அது எப்படிச் சொல்லும்? முன்கூட்டியே தெரிவித்திருந்தால் வயிற்றருகே இன்னொரு பேட்ஜ் கொடுத்திருப்பார்கள், வண்டிப் பக்கமே விட்டிருக்க மாட்டார்கள். அந்தக் காலாண்டுப் பேட்ஜின் அளவு வந்து சேர்வதற்குள் சித்திரைத் திருவிழாவும் வந்துவிட்டது. அழகர் ஆற்றில் இறங்கிய காலையில், வைகைக் கரைக் கூட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற நான், அந்த எண் சிறியதாக இருக்க வேண்டும் என்று மட்டுமே வேண்டிக்கொண்டேன். வந்த எண், உடலில் பட்ட கதிர்வீச்சைக் கணக்கிடும் அலகில் அரை மில்லிசீவெர்ட்டுக்கும் குறைவுதான். நீயும் குறையில்லாமல் பிறந்தாய். ஆனாலும் அந்த வாரங்களை நீ அனுபவிக்கக் கூடாது.

உன்னைப் பயமுறுத்த நான் இதை எழுதவில்லை. 100 மில்லிகிரேக்கு (இந்தக் கதிர்களுக்கு ஏறக்குறைய 100 மில்லிசீவெர்ட்) குறைந்த அளவுகளில் கருவின் உறுப்புகளில் குறை ஏற்படுவதாகக் காணப்படவில்லை. நீ இயக்கும் லீனியர் ஆக்சிலரேட்டர், மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் எந்திரம்; அது நிறுத்திய பிறகும் கதிர் கசியும் எங்கள் கோபால்ட் எந்திரத்தைப் போன்றதன்று. கான்கிரீட் சுவருக்கு வெளியே, எந்திரத்தை இயக்கும் கன்சோலில் இருக்கும் உனக்கு மாதக்கணக்கில் வேலை செய்தாலும் பெரும்பாலும் ஒன்றும் பதிவாகாது. நான் அஞ்சுவது, கதிர்வீச்சுப் பொருளை நோயாளியின் உடலுக்குள்ளேயே வைத்துச் சிகிச்சை தரும் பிரேக்கிதெரபி அறையில் என்றோ ஒரு நாள் நேரக்கூடியதை. அங்கு கதிர்வீச்சைத் தரும் மூலப்பொருளான இரிடியம்-192 திரும்பப் பெட்டிக்குள் போகாமல் சிக்கிக்கொண்டால், கையால் சுற்றி உள்ளே இழுக்க யாராவது அறைக்குள் ஓட வேண்டும். புதிதாக வந்த 10 கியூரி வலிமையுள்ள மூலப்பொருளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒன்றரை நிமிடம் நின்றாலே ஏறக்குறைய ஒரு மில்லிசீவெர்ட் ஏறிவிடும். அரை மீட்டரில் நின்றால் அதைப்போல நான்கு மடங்கு. கர்ப்பத்தைத் தெரிவித்த நாளிலிருந்து பிரசவம் வரை வயிற்றுப் பிள்ளைக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த அளவே அந்த ஒரு மில்லிசீவெர்ட்தான். நீ சொல்லாதவரை அவசரத்துக்கு ஓட வேண்டியவர்களின் பட்டியலில் உன் பெயர் இருந்துகொண்டே இருக்கும். நோயாளி உள்ளே படுத்திருக்கும்போது நீ தயங்கி நிற்க மாட்டாய், உன் குணம் எனக்குத் தெரியும்.

உறுப்புகள் உருவாவது கரு தரித்த 3ஆம் வாரத்திலிருந்து 8ஆம் வாரம் வரை, மூளை வளர்ச்சி கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படுவது 8ஆம் வாரத்திலிருந்து 15ஆம் வாரம் வரை. நீ காத்திருக்கப்போவதாகச் சொன்ன அந்த மூன்று மாதத்துக்குள்தானே இவற்றில் பெரும்பகுதி வருகிறது?

வேலை போய்விடும் என்ற எண்ணம் உனக்கும் இருக்கலாம், வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும். 2004ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள், கர்ப்பம் தெரிந்ததும் பணியாளர் தெரிவிக்க வேண்டும் என்று சொல்வது பணிச்சூழலைத் தேவைக்கேற்ப மாற்றித் தருவதற்காகத்தான். கர்ப்பத்தைத் தெரிவித்ததையே காரணமாக்கி ஒரு பெண்ணை வேலையிலிருந்து விலக்கக் கூடாது என்று பன்னாட்டு அணுசக்தி முகமையின் பாதுகாப்பு நெறிகளும் சொல்கின்றன. சிகிச்சைத் திட்டமிடல், கன்சோல் என்று உனக்குத் தர எத்தனையோ வேலைகள் இருக்கின்றன.

வாயால் சொன்னால் போதாது. தேதியிட்டு எழுதி, ஆர்.எஸ்.ஓ.விடமும் துறைத் தலைவரிடமும் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கு. வயிற்றருகே அணிய இரண்டாவது பேட்ஜ் கேள். பிரேக்கிதெரபி அவசரப் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுக்கச் சொல். இருக்கிற பேட்ஜைக் கோட்டோடு கழற்றி எந்திர அறையில் மாட்டிவிட்டு வராதே.

மாப்பிள்ளையிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு. கையொப்பம் வாங்கிய நகலைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. சனிக்கிழமை வரை பார்ப்பேன், வரவில்லை என்றால் ஞாயிறு இரவு ரயிலில் நானே அங்கு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா