அந்த டிக்கை எடுத்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் கணினிப் பகுதியில் வந்த ஒரு கேள்வி-பதிலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஒரே சர்வரைப் பல கணினிகள் போல ஓட்டும் மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வியில் ஓடும் விர்ச்சுவல் மெஷின்களில், அதாவது அப்படி உருவாக்கிய கணினிகளில் மட்டும் நெட்வொர்க் இழுக்கிறது, சர்வர் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதிலாக, மெஷினின் செட்டிங்ஸில் ஒரு டிக்கை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லும் ஒரு சர்வர் நிறுவனத்தின் உதவிக் குறிப்பைத் தமிழாக்கிப் போட்டிருந்தீர்கள். தமிழில் ஒரு குறையும் இல்லை, குறிப்பில்தான் கோளாறு. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் சர்வர் பார்த்துக் கொடுப்பது என் தொழில், அதனால் அந்தக் குறிப்பு எனக்கு ஏற்கெனவே பழக்கம். அந்த நிறுவனத்துக்கும் எழுதிப் பார்த்தேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு வரி வந்தது, பக்கம் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் பத்திரிகையிலாவது திருத்தம் வரட்டும் என்று எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ஒரு சர்வருக்குள் ஐந்தாறு விர்ச்சுவல் மெஷின்கள் ஓடினாலும் வெளியே போகும் கேபிள் ஒன்றோ இரண்டோதான். வந்து விழும் பாக்கெட், அதாவது தகவல் துண்டு, எந்த மெஷினுக்கு என்று பிரித்துக் கொடுக்கும் வேலை விண்டோஸின் விர்ச்சுவல் சுவிட்சுக்கு, சும்மா விட்டால் அது பெரும்பாலும் பிராசஸரின் ஒரே கோர், அதாவது கணக்கிடும் பகுதிகளில் ஒன்றின் தலையில் விழும். இதைக் குறைக்க விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-வில் விஎம்க்யூ, அதாவது விர்ச்சுவல் மெஷின் க்யூ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நெட்வொர்க் கார்டே மேக் முகவரியை, அதாவது ஒவ்வொரு மெஷினின் நெட்வொர்க் அடையாள எண்ணைப் பார்த்துப் பாக்கெட்டுகளைத் தனித்தனி வரிசையில் போட்டுவிடும், ஒவ்வொரு வரிசையையும் வேறு வேறு கோர் கவனிக்கும். தபால் கட்டு முழுவதையும் அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் தள்ளிவிடாமல் போஸ்ட்மேனே வீடு வீடாகப் போடுவது மாதிரி. நல்ல ஏற்பாடுதான், 10 கிகாபிட் கார்டுகளுக்கு அவசியமும்கூட. ஆனால் சிப் நிறுவனமான பிராட்காமின் 1 கிகாபிட் நெட்எக்ஸ்ட்ரீம் கார்டுகளின் டிரைவரில், அதாவது கார்டை விண்டோஸோடு இணைத்து இயக்கும் மென்பொருளில், இந்த விஎம்க்யூ ஒழுங்காக வேலை செய்யவில்லை. விண்டோஸ் சர்வர் 2012 காலத்தில் இது பெரிய தலைவலி. மைக்ரோசாஃப்ட்டே 2902166 என்ற எண்ணில் ஒரு குறிப்புப் போட்டு, எந்த டிரைவர் என்று கோப்பின் பெயரோடு சொல்லியிருக்கிறது: பி57என்டி60ஏ.சிஸ்.

இனி நீங்கள் போட்ட குறிப்புக்கு வருகிறேன். 1 கிகாபிட் கார்டுகளில் விஎம்க்யூ தானாகவே அணைந்திருக்கும், ஆகவே அவற்றுக்குப் பாதிப்பில்லை என்று அதில் இருக்கிறது. விண்டோஸின் பொது வழக்கம் அதுதான், 10 கிகாபிட்டுக்குக் கீழே வேண்டுமென்றால் விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் போய்த்தான் இயக்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தகராறு செய்த இந்த பிராட்காம் கார்டுகளில் விஎம்க்யூ டீஃபால்ட்டாகவே இயங்கிக்கொண்டிருந்தது என்று அதே மைக்ரோசாஃப்ட் குறிப்பு சொல்கிறது. கோளாறு வந்ததே அந்தக் கார்டுகளில்தான், பாதிப்பில்லை என்று சொல்வதும் அவற்றைப் பற்றியேதான். இதைப் படித்துவிட்டு ஒருவர் விஎம்க்யூ பக்கமே போகாமல் கேபிளை மாற்றுவார், சுவிட்சை மாற்றுவார், ஆன்டிவைரஸைத் திட்டுவார். நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்த மாடல் பட்டியல். நிறுவனம் தன் விற்பனைப் பெயர்களில் சிலவற்றை மட்டும் போட்டு, இவைதான் பாதிக்கப்பட்டவை என்கிறது. உள்ளே இருக்கும் சிப் பிராட்காம் 5719, 5720 போன்ற 57 வரிசைதான், அதையே ஒவ்வொரு சர்வர் கம்பெனியும் தன் பெயரை ஒட்டி விற்றது. எச்பி என்சி என்று தொடங்கும் பெயர்களில் விற்றது, இன்னொருவர் மதர்போர்டிலேயே பதித்துக் கொடுத்தார். ஆகவே பெட்டியில் இருக்கும் பெயரை வைத்துக்கொண்டு ஒன்றும் முடிவு செய்ய முடியாது. டிவைஸ் மேனேஜரில் கார்டின் டிரைவர் டீட்டெயில்ஸைத் திறந்து கோப்பின் பெயரைப் பார்த்தால் அரை நிமிட வேலை. இந்த ஒரு வரி அந்தக் குறிப்பில் எங்கேயும் இல்லை.

விர்ச்சுவல் மெஷினுக்குள் போய் நெட்வொர்க் டிரைவரைப் புதுப்பிக்கச் சொல்வது இன்னும் வேடிக்கை. மெஷினுக்குள் பிராட்காம் எங்கே இருக்கிறது? அங்கே திறந்து பார்த்தால் மைக்ரோசாஃப்ட் ஹைப்பர்-வி நெட்வொர்க் அடாப்டர் என்றுதான் இருக்கும். எழுதியவர் ஒருமுறையாவது திறந்து பார்த்திருந்தால் இந்த வரி வந்திருக்காது.

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். முக்கியமான தப்பு, தீர்வு என்று சொன்னது. மெஷினின் செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்சலரேஷன் பக்கத்துக்குப் போய் 'எனேபிள் விர்ச்சுவல் மெஷின் க்யூ' என்ற டிக்கை எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்கிறார்கள். அது அந்த ஒரு மெஷினுக்கு மட்டும். பக்கத்து மெஷின்களில் டிக் அப்படியே இருக்கும், நாளைக்குப் புதிதாக ஒன்று உருவாக்கினால் அதிலும் டிக்கோடுதான் வரும். அணைக்க வேண்டியது சர்வரின் நிஜ கார்டில்: டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் விர்ச்சுவல் மெஷின் க்யூஸ் என்று இருப்பதை டிசேபிள்டு என்று மாற்ற வேண்டும், அல்லது விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் டிசேபிள்-நெட்அடாப்டர்விஎம்க்யூ என்ற கட்டளை. இரண்டு கார்டை டீமாகச் சேர்த்திருந்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கார்டிலும் செய்ய வேண்டும். மாற்றும்போது சில விநாடி லைன் போய் வரும், பில் போடும் நேரத்தில் கை வைத்தால் கணக்குப்பிள்ளையிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான், மதியச் சாப்பாட்டு நேரம் நல்லது.

நான் கவனிக்கும் ஒரு கம்பெனியில் இப்படித்தான் இருந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து சர்வரைப் பிங் செய்தால் (பதில் வர எவ்வளவு நேரம் என்று பார்க்கும் சோதனை) ஒரு மில்லிசெகண்டுக்குள் பதில், அதே பெட்டிக்குள் கணக்கு மென்பொருளான டாலி ஓடும் மெஷினைப் பிங் செய்தால் 200, 400, நடுவில் ஒன்று டைம்-அவுட். அந்தக் குறிப்பைப் படித்த யாரோ டிக்கை எடுத்திருந்தார்கள், டாலி மெஷினில் அல்ல, பக்கத்து மெஷினில்! நிஜ கார்டுகள் இரண்டிலும் அணைத்ததும் பிங் இறங்கிவிட்டது.

புது டிரைவர் போட்டால் போதும் என்பதும் பாதி உண்மைதான். பிராட்காம் பிறகு திருத்திய டிரைவரை வெளியிட்டது, சரி. ஆனால் டிரைவரை மாற்றும்போது அட்வான்ஸ்டு பக்கத்தில் நாம் செய்து வைத்தது அழிந்து டீஃபால்ட்டுக்குத் திரும்பிவிடுவது உண்டு, அணைத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டிருப்போம், அது ஓடிக்கொண்டிருக்கும். எனவே டிரைவரைத் தொட்டபிறகு கெட்-நெட்அடாப்டர்விஎம்க்யூ என்று அடித்து எனேபிள்டு கட்டத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. 1 கிகாபிட்டில் விஎம்க்யூவை அணைத்தால் வேகம் குறைந்துவிடும் என்ற பயமும் வேண்டாம், அந்த அளவு டிராஃபிக்கை ஒரு கோரே சமாளிக்கும். 10 கிகாபிட் கார்டு வைத்திருப்பவர்கள் மட்டும் இதைப் படித்துவிட்டு அணைக்கப் போகாதீர்கள், அது வேறு கதை.

விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கு மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரிலேயே ஆதரவை நிறுத்திவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் பழங்கதை என்று யாராவது கேட்கலாம். எங்கள் ஊரில் வந்து பாருங்கள். பழைய சர்வரை யாரும் தூக்கிப் போடுவதில்லை, செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்து இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். புது டிரைவர், புது அப்டேட் எதுவும் பார்க்காத பெட்டிகள் அவை, இந்தக் கோளாறு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. கோளாறு வந்ததும் கூகுளில் தேடினால் முதலில் கண்ணில் படுவது நிறுவனத்தின் பக்கம்தான், கம்பெனியே சொல்லிவிட்டது என்று முதலாளியும் நம்பிவிடுகிறார், நாம் சொன்னால் எடுபடாது. தப்பைத் திருத்துவதில் என்ன சிரமம் என்று எனக்குப் புரியவில்லை. மைக்ரோசாஃப்ட் மாதிரி கோப்பின் பெயரைப் போட்டு, என்றைக்கு எதை மாற்றினோம் என்று மேலே ஒரு வரி எழுதினால் முடிந்துபோகும்.

உங்கள் பதிலின் கடைசியில், இதற்கும் சரியாகாவிட்டால் நெட்வொர்க் கார்டை மாற்றிவிடவும் என்று இருந்தது. கேள்வி கேட்ட அந்த வாசகர் கடைக்குப் போவதற்குள் இந்தக் கடிதத்தைப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
திருப்பூர்