பனி இரவில் பெட்டி தேடப் போகிறவனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. யாரோ மறைத்துவைத்த பெட்டியை (அதைத்தான் கேச் என்கிறோம்) ஜிபிஎஸ் வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கிற ஜியோகேச்சிங் விளையாட்டுக்குக் கோடை முழுக்கப் போய்ப் பழகிவிட்டாய், இந்தக் குளிர்காலத்தில் இருட்டிய பிறகும் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறாய். நல்லது. ஆனால் "ஒரு டார்ச்சும் கனமான கோட்டும் இருந்தால் போதாதா?" என்று கேட்டிருக்கிறாயே, போதாதுடா. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வை. நடக்கும்போது யாருக்கும் குளிராது. ஆளை வாட்டுவது பெட்டி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபின் நின்றும் குனிந்தும் தேடுகிற அந்த இருபது, முப்பது நிமிஷம்தான். பேட்டரி சாவது, விரல் மரத்துப்போவது, பொறுமை தீர்வது எல்லாம் அப்போதுதான் நடக்கும். ஆகவே உன் ஏற்பாடு எல்லாமே அந்த அரை மணி நேரத்துக்காக இருக்கட்டும்.

அவ்வளவு நேரம் ஏன் ஆகிறது? திறந்த வானத்தின் கீழ் போனின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் வரை தவறும். மறைத்துவைத்தவரின் கருவியும் அப்படித்தான் தவறியிருக்கும். இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் தவறினால் சுற்றிலும் பத்து மீட்டர் தூரம் வரை தேட வேண்டிவரும், மரங்களுக்கு அடியில் இன்னும் அதிகம். ஆயத்தொலைவில் கடைசி இலக்கம், அதாவது ஒரு நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, வடக்கு தெற்காக 1.85 மீட்டர். எனவே அந்தக் கடைசி இலக்கம் மாறுவதைத் துரத்திக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடாதே. நடப்பதை நிறுத்தியதும் திசைமுள் தாறுமாறாகச் சுற்றும், அதுவும் இயல்புதான். பத்து மீட்டர் முன்னாலேயே நின்று, "நான் மறைத்திருந்தால் இங்கே எங்கே வைத்திருப்பேன்?" என்று டார்ச்சை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது மேல். பின்பக்கம் காந்தம் வைத்த டார்ச்சை போன் பக்கத்தில் பிடித்தால் திசைகாட்டி பொய் சொல்லும். இரும்பில் ஒட்டவைக்க வசதி என்று இப்போது பல டார்ச்களில் காந்தம் வருகிறது, கவனி.

இலை உதிர்ந்த மரங்களுக்கு அடியில் சிக்னல் கோடையைவிட நன்றாகவே கிடைக்கும். குளிர்காலம் நமக்குத் தருகிற ஒரே சலுகை அது. ஈரப்பனி கிளைகளில் கனமாகத் தொங்கினால் அந்தச் சலுகையும் குறைந்துவிடும்.

இனி வெளிச்சம். இரவுக்கென்றே வைக்கிற கேச்களில் ரிஃப்ளெக்டர் ஒட்டிய சின்ன ஆணிகளை மரத்துக்கு மரம் அடித்துப் பாதை போட்டிருப்பார்கள். ரிஃப்ளெக்டர், விழுந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். அதனால் விளக்கு கண்ணுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு பிரகாசமாகத் தெரியும். டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் தூரத்து ஆணி தெரியவே தெரியாது. காதோரம் உயர்த்திப் பிடித்தால் அதே ஆணி பளிச்சென்று எரியும். தலையில் மாட்டும் விளக்கு இங்கே நன்றாக உதவும்.

பனி பெய்துகொண்டிருந்தாலோ மூடுபனி இருந்தாலோ இதே கணக்கு தலைகீழாகிவிடும். நெற்றியிலிருந்து போகிற ஒளி முகத்துக்கு முன்னால் விழுகிற ஒவ்வொரு துகளிலும் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்பும். வெள்ளைத் திரை போட்டதுபோல் ஆகிவிடும். உன் மூச்சுக்காற்றின் ஆவியே போதும் இதைச் செய்ய. அப்போது தலைவிளக்கை அணைத்துவிட்டு, குறுகலான கற்றை உள்ள கைவிளக்கை இடுப்பருகே தாழ்த்திப் பிடித்து நட. ஆணி தேடும் நேரத்தில் மட்டும், மூச்சை அடக்கி, இரண்டு நொடி கண்ணருகே உயர்த்திப் பார். ஆகவே இரண்டு விளக்கு கட்டாயம் வேண்டும். ஒன்று போனால் இன்னொன்று என்கிற கணக்கு வேறு இருக்கிறது. நடக்க 100 லூமென் (விளக்கின் ஒளி அளவு) தாராளம். வெண்பனி மேல் ஆயிரம் லூமென் அடித்தால் கண் கூசி, வெளிச்ச வட்டத்துக்கு வெளியே எதுவுமே தெரியாது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒரு தடவை வரைபடத்தை முழு வெளிச்சத்தில் பார்த்தாலே அது வீணாகிவிடும். போன் திரையைக் குறைத்து வை. முழு நிலவும் தரையில் பனியும் சேர்ந்த இரவில் பாதை நடக்க விளக்கே வேண்டியிராது, அதை ஒரு முறையாவது அனுபவித்துப் பார்.

ஏமாற்றுகிறவையும் உண்டு. உறைபனி படிந்த கிளை, இலை எல்லாம் மின்னும். அடையாளம் கண்டுபிடிப்பது எளிது: தலையைக் கொஞ்சம் ஆட்டு. உறைபனியின் மினுக்கு தாவித்தாவி இடம் மாறும், நிறமும் மாறும். ரிஃப்ளெக்டர் ஒரே இடத்தில், ஒரே நிறத்தில் நிற்கும். ஜோடியாக ஒளிர்ந்து நகர்ந்தால் அது விலங்கின் கண், நீ வழியை விடு. இன்னொரு பக்கம், ரிஃப்ளெக்டர் மேலேயே உறைபனியோ ஈரமோ படிந்தால் அது குருடாகிவிடும். காற்று அடிக்கிற பக்கத்து அடிமரத்தில் பனி அப்பிக்கொண்டு முழுதாக மூடிவிடும். வரிசையில் அடுத்த ஆணி காணவில்லை என்றால், கடைசியாகப் பார்த்த ஆணியிடம் திரும்பி வந்து, சந்தேகப்படும் மரங்களைக் கையுறையால் துடைத்துப் பார்.

பலரும் மறந்துபோவது இது: ஆணிகள் பெரும்பாலும் போகும்போது கண்ணில் படும்படிதான் அடிக்கப்பட்டிருக்கும். திரும்பி வரும்போது அவற்றின் முதுகுதான் தெரியும், அதாவது ஒன்றுமே தெரியாது. காலடித் தடத்தை நம்பாதே, பெய்கிற பனி அதை மூடிவிடும். வண்டி நிறுத்திய இடத்தைக் குறித்துவைத்து, நடந்த தடத்தைப் பதிவுசெய்துகொண்டே போ; திரும்புவது அதன் மேல்தான்.

சில கேச்களில் புறஊதா ஒளியில் மட்டும் ஒளிரும் எழுத்தைப் படிக்கப் புறஊதா விளக்கு தேவை என்று குறிப்பில் இருக்கும். 395 நானோமீட்டர் விளக்கு மலிவு. ஆனால் அதில் கண்ணுக்குத் தெரிகிற ஊதா நிறம் அதிகம், பனி மேல் எல்லாமே ஊதாவாகத் தெரியும், எழுத்து அதில் மறைந்துபோகும். 365 நானோமீட்டர் வாங்கு. புதுப்பனி புறஊதாவை நன்றாகத் திருப்பி அடிக்கும், விளக்கைக் கண்ணை நோக்கிக் காட்டாதே.

பேட்டரி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். குளிரில் பேட்டரிக்குள் நடக்கிற வேதிவினை மந்தமாகி உள்மின்தடை ஏறும். போனில் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைவது அதனால்தான். சார்ஜ் எங்கும் போகவில்லை, சூடேறினால் பெரும்பாலும் திரும்பி வரும். போனை உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி வை. பவர் பேங்க்கும் அங்கேயே. பனியில் விறைத்துக் கிடக்கிற போனைச் சார்ஜில் போடாதே: 0 டிகிரிக்குக் கீழே லித்தியம் அயான் பேட்டரிக்கு மின்னேற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெட்டுவிடும். விளக்குக்கும் கைக்கருவிக்கும் ஏஏ பேட்டரி என்றால் ஆல்கலைனை விட்டுவிட்டு ஒருமுறை மட்டும் பயன்படுகிற லித்தியம் எடு; மைனஸ் 40 வரை வேலை செய்யும், எடையும் குறைவு. புதிதில் அதன் மின்னழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதால் உன் விளக்கின் கையேடு அதை அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். வரைபடத்தை இணையம் இல்லாமல் ஓடும்படி வீட்டிலேயே இறக்கிவிடு. வைத்தவர் சங்கேதமாக எழுதியிருக்கும் குறிப்பையும் வீட்டிலேயே அவிழ்த்துப் படித்துவிடு. பதின்மூன்று எழுத்து தள்ளிப் போட்ட அந்தச் சங்கேதத்தை உறைந்த விரலால் அவிழ்க்கிற வீரம் யாருக்கும் வேண்டாம்.

உடுப்பில் பருத்தி கூடாது. வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு, நின்றதும் அதையே குளிராக்கித் தரும். அடியில் கம்பளி அல்லது செயற்கை நூல். கிளம்பும்போது லேசாகக் குளிரட்டும், பத்து நிமிட நடையில் சரியாகிவிடும். பையில் ஒரு தடித்த ஜாக்கெட் தனியாக இருக்கட்டும். பெட்டி இருக்கும் இடத்தை அடைந்ததுமே, குளிர் ஏறுவதற்கு முன்பே, அதைப் போட்டுக்கொள். குளிர்ந்தபின் போட்டால் உடம்பு மறுபடி சூடேற வெகுநேரம் ஆகும். கைக்கு மெல்லிய உறை, அதன் மேல் விரல் பிரிக்காத பெரிய உறை. மெல்லியது இருக்கும்போதே பெட்டியைத் திற. வெறும் விரலோடு உலோகத்தைத் தொடாதே, ஈரவிரல் ஒட்டிக்கொள்ளும். காற்றையும் கணக்கில் எடு. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் தோலுக்கு மைனஸ் 20 போல இருக்கும். கைச்சூட்டுப் பொட்டலத்தில் இருப்பது இரும்புத்தூள், காற்று பட்டால்தான் சூடாகும். இறுக்கமான பைக்குள் அடைத்துவிட்டுச் சூடு வரவில்லை என்று திட்டக்கூடாது.

பெட்டி பனிக்கு அடியில் இருக்கலாம். ஒரு கம்பால் மெதுவாகக் குத்திப் பார், பனியைக் கையால் விலக்கு. மண்ணைத் தோண்டாதே, தேவையும் இல்லை: நிலத்துக்காரரின் அனுமதி இல்லாமல் கேச்சை மண்ணில் புதைக்கக்கூடாது என்பது இன்றைய விதி. வேடிக்கை என்னவென்றால், 2000 மே 2-ம் தேதி அமெரிக்கா ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை நிறுத்தியதும், மறுநாளே ஓரிகன் காட்டில் டேவ் உல்மர் என்பவர் வைத்த வாளி, அதாவது உலகின் முதல் கேச்சே, மண்ணில் பாதி புதைந்துதான் இருந்தது.

உறைந்த மூடியை வலிய இழுக்காதே. குளிரில் பிளாஸ்டிக் நொறுங்கும், தாழ்ப்பாள் காது உடைந்தால் அந்தப் பெட்டி செத்தது. அக்குளில் ஐந்து நிமிடம் வைத்துக்கொள், அல்லது சூட்டுப் பொட்டலத்தை மூடியோரம் பிடி. வாயால் ஊதாதே, அந்த ஈரம் மூடியிடுக்கில் பனிக்கட்டியாகி இன்னும் இறுக்கும். தீக்குச்சி, லைட்டர் எல்லாம் பேச்சுக்கே வேண்டாம். உள்ளே இருக்கும் லாக்புக்கில் (கண்டுபிடித்தவர்கள் பெயர் எழுதும் தாள்) எழுத பென்சில் மட்டும்: பந்துமுனைப் பேனாவின் மை குளிரில் கெட்டியாகிவிடும், ஈரத்தாளில் மற்ற மைகள் ஊறும். சுருண்ட தாள் உறைந்திருந்தால் பிரிக்க முயலாதே, கிழியும். ஒரு உலர்ந்த துண்டுத்தாளில் பெயரும் தேதியும் எழுதி உள்ளே வைத்துவிட்டு, வைத்தவருக்கு விவரம் எழுது.

மூடுவதுதான் இந்த வேலையிலேயே முக்கியம், ஆட்கள் அவசரப்படுவதும் அங்கேதான். மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரே ஒரு பனித்துகள் சிக்கினாலும் மூடி சரியாக உட்காராது. குளிர் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பனி உருகும் நாளில் அந்த இடைவெளி வழியே தண்ணீர் இறங்கி லாக்புக் கூழாகிவிடும். வளையத்தை உலர்ந்த துணியால் ஒரு சுற்றுத் துடை, தாள்முனை வெளியே துருத்துகிறதா பார், பிறகு மூடு. இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வை. பனியில் உன் காலடி நேராகப் பெட்டிக்கே வழிகாட்டும் என்பதால், கிளம்பும் முன் பக்கத்து மூன்று நான்கு மரங்களையும் சுற்றி நடந்து தடத்தைக் குழப்பிவிடு. விளையாட்டு தெரியாத யாராவது அந்தத் தடத்தைப் பிடித்துப் போனால் பெட்டி காணாமல் போகும்.

கேச்சின் இணையப் பக்கத்தில் போட்டிருக்கும் நிலப்பரப்பு மதிப்பெண் (நடக்க எவ்வளவு கடினம் என்று 1 முதல் 5 வரை) பெரும்பாலும் காய்ந்த தரைக்கானது. பனியில், இருட்டில், ஒரு படி கூட்டியே எண்ணிக்கொள். முதல் சில இரவுகளுக்கு 2-க்கு மேல் வேண்டாம். "குளிர்காலத்தில் எடுக்கலாம்" என்ற குறி இருப்பதையே தேர்ந்தெடு. உறைந்த ஏரி வழியாகக் குறுக்கே போகிற கேச்சை இரவில் தொடவே தொடாதே. ஆள் நடக்கத் தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் வேண்டும், வெண்மையான கட்டி என்றால் அதன் வலு பாதிதான், டார்ச் வெளிச்சத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம். பூங்கா இருட்டியதும் மூடப்படுமா என்றும் பார். மூடினால் அது பகல் கேச்தான். யாராவது ஒருவரிடம் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போ. திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே முடிவு செய். காட்டுக்குள் நின்று "இன்னும் ஐந்து நிமிஷம்" என்று சொல்லத் தொடங்கினால் அது முடியாது. முப்பது நிமிடம் தேடிக் கிடைக்கவில்லையா, கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டு வா. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, வைத்தவருக்கும் அது பயனுள்ள செய்தி.

எந்த கேச்சுக்குப் போகிறாய் என்று எழுது. அதன் குறிப்பையும் அனுப்பு, சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
உன் பழைய தோழன்

பி.கு.: வீட்டுக்குள் நுழையும் முன், வெளியிலேயே போனையும் கருவியையும் காற்றுப் புகாத பையில் போட்டு மூடிவிடு. குளிர்ந்த கருவியைச் சூடான அறைக்குள் அப்படியே கொண்டுவந்தால் உள்ளும் புறமும் வியர்த்துவிடும். பைக்குள்ளேயே ஒன்றிரண்டு மணி நேரம் இருந்து அறைச்சூட்டுக்கு வரட்டும். சார்ஜ் போடுவதெல்லாம் அதற்குப் பிறகு.