பிள்ளையின்ர கைக்கு ஏத்த மாதிரி பிஸ்டல் கிரிப்பை மாத்துங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில இந்தியாவின்ர மனு பாக்கர் 10 மீற்றர் எயார் பிஸ்டல் (காத்தழுத்தத்தால சுடுற கைத்துப்பாக்கி) போட்டியில வெண்கலம் எடுத்ததுக்குப் பிறகு, எங்கட பிள்ளையளும் பிஸ்டல் பழக வேணும் எண்டு வீட்டில கேக்கினம். நல்ல விசயம். ஆனா இஞ்ச கொழும்பில ஒரு கிளப்பில அவையளுக்குக் குடுக்கிற பிஸ்டலைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. பெரிய ஆம்பிளையின்ர கைக்கெண்டு செஞ்ச கிரிப்பை, அதாவது மரக் கைபிடியை, ஒரு சின்னப் பொம்பிளைப் பிள்ளை பிடிக்குது, விரல் ட்ரிகருக்கு எட்டுறதில்ல, எட்டவைக்க கையைத் திருப்பிப் பிடிக்குது, பெலட் (சின்ன ஈயக் குண்டு) ஒரு பக்கமா போகுது, கடைசில "உனக்குக் கை நடுங்குது" எண்டு பேச்சு வாங்கிறதும் அந்தப் பிள்ளைதான்.

கணக்குப் பாருங்கோ. குறி பாக்கிற முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையில கிட்டத்தட்ட 35 சென்ரிமீற்றர், இலக்கு 10 மீற்றர் தள்ளி, அப்ப முன் சைட் அரை மில்லிமீற்றர் விலகினாலே இலக்கில 14 மில்லிமீற்றர் தள்ளிப் போகும். பத்துப் புள்ளி வட்டத்தின்ர விட்டமே 11.5 மில்லிமீற்றர்தான். கிரிப் கைக்குள்ள சரியா இருக்காட்டி ஒவ்வொரு சூட்டுக்கும் பிடி கொஞ்சம் கொஞ்சம் மாறும், 75 நிமிசத்துக்குள்ள 60 சூடு சுடுற போட்டியில அது எங்க கொண்டுபோய் விடும்?

சரியா இருக்கோ எண்டு பாக்கிறது லேசு. பெலட் போடாத பிஸ்டலை இலக்கின்ர பக்கம் தூக்கி, கண்ணை மூடி, ஒருக்கா மூச்சு விட்டுட்டுத் திறக்கச் சொல்லுங்கோ. முன் சைட் பின் சைட்டில இருக்கிற வெட்டுக்கு நடுவில நிக்க வேணும். எப்பவும் ஒரே பக்கம் சரிஞ்சு நிண்டா பிழை கிரிப்பில. கையில சோக்குத் தூள் பூசிப் பிடிச்சா எந்த இடம் அமர்த்துது எண்டு மரமே காட்டும், அந்த இடத்தை மட்டும் சாண்ட் பேப்பரால கொஞ்சமா தேயுங்கோ, இடைவெளி இருக்கிற இடத்துக்கு மரப் புட்டி வையுங்கோ. தேய்ச்ச மரம் திரும்பி வராது, புட்டியை எப்பவும் எடுக்கலாம், அதால அவசரப்படக் கூடாது. ட்ரிகர் விரல் மரத்தில முட்டாம தனியா அசைய வேணும், இது முக்கியம். கொழும்பு வேர்வைக்கு வழுவழு எண்டு பொலிஷ் பண்ணின கிரிப் சரிவராது, மேற்பரப்பு சொரசொர எண்டு இருக்கிறதுதான் நல்லம். வேலை செய்யேக்க கிரிப்பைக் கழட்டிப் போட்டுத்தான் தேய்க்க வேணும், தூள் ட்ரிகருக்குள்ள போகப்படாது.

இதெல்லாம் சட்டவிரோதம் எண்டு சில பொறுப்பாளர்மார் பயப்படுத்தினம். அப்பிடி இல்ல. சர்வதேச போட்டி விதியில கிரிப்பைக் கைக்கு ஏத்தபடி செதுக்கலாம், ஆனா அது மணிக்கட்டைத் தாங்கக் கூடாது, உள்ளங்கையின்ர அடியைத் தாங்கிற தட்டு கிரிப்புக்கு 90 பாகைக்குக் குறையாம நிக்க வேணும், முழு பிஸ்டலும் 420, 200, 50 மில்லிமீற்றர் பெட்டிக்குள்ள அடங்க வேணும், நிறை 1500 கிராமுக்கு மேல போகக் கூடாது. முக்கியமானது இவைதான்.

அதால கிளப் நடத்திறவைக்கு என்ர வேண்டுகோள், புது பிஸ்டல் வாங்க முதல் ஸ்மோல், மீடியம் சைஸ் கிரிப் கொஞ்சம் வாங்குங்கோ, பிஸ்டலோட பாக்கேக்க அது பெரிய காசில்ல. இடக்கைப் பிள்ளையளுக்கும் ஒண்டு வாங்குங்கோ, அவையளை வலக்கையால பழகச் சொல்லுறது அநியாயம். தேய்ச்சுப் பழக எண்டு பழைய கிரிப் ஒண்டைக் குடுத்து, தெரிஞ்ச ஒராள் பக்கத்தில நிண்டு காட்டிக் குடுங்கோ.

இப்பிடிக்கு,
எயார் பிஸ்டல் பழகின ஒரு வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06