ஞாயிறு வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 வகுப்பு பற்றி ஒரு விஷயம். சம்பளம் வாங்காமல் வந்து எடுக்கிறீர்கள், அதனால் சொல்லத் தயக்கம்தான். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கமிருந்து பிள்ளைகள் காலை பஸ்ஸைப் பிடித்து தருமபுரி வருகிறார்கள். போன வாரம் ஒரு வகுப்பில் முதல் அரை மணி நேரம் பென் டிரைவிலேயே போய்விட்டது. பாமினியில் அடித்த கோப்பு. மையத்து லேப்டாப்பில் அந்த எழுத்துரு இல்லை, திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. தயவுசெய்து பி.டி.எஃப் ஆக மாற்றி, சனிக்கிழமை இரவே குழுவில் போட்டுவிடுங்கள்.

கணக்கு எடுப்பவர்கள் போர்டில் போடப்போகும் கணக்கை வீட்டில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். தேர்வில் மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி. அதில் திறனறிவு மட்டும் 25. தனிவட்டிக் கணக்கின் நடுவில் நின்று, "எங்கேயோ இடிக்குதே" என்று அழித்துவிட்டு மறுபடி தொடங்கினால் பின் பெஞ்சு போனை எடுத்துவிடும். (எடுத்தது. பார்த்தேன்.)

பொது அறிவிலும் அப்படித்தான். சேலத்திலிருந்து தருமபுரி தனி மாவட்டமானது 1965, தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004. இதைக் கேட்ட பிள்ளைக்கு "அப்புறம் பார்க்கலாம்" என்று பதில் கிடைத்திருக்கிறது. சரி, அடுத்த வாரமாவது பதிலோடு வாருங்கள்.

வர முடியாதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், வேறு ஆள் பார்க்க வேண்டும். மார்க்கர் பீரோவின் மேல் தட்டில் இருக்கிறது. மை தீர்ந்ததைத் திரும்ப அங்கேயே வைக்காதீர்கள்.