மழையிலும் பறவை பார்க்கப் போவது ஏன்?

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் நலமென நம்புகிறேன். மழையில் நனைந்துகொண்டு பறவை பார்க்கப் போகத்தான் வேண்டுமா என்று தொலைபேசியில் கேட்டீர்கள். அவசரத்தில் விளக்கிச் சொல்ல இயலவில்லை என்பதால் எழுதுகிறேன்.

சென்ற ஞாயிறு காலை, உடன் பணிபுரியும் நண்பரோடு லண்டனின் வடகிழக்கிலுள்ள வால்தம்ஸ்டோ நீர்நிலைகளுக்குச் சென்றிருந்தேன். நகரத்துக்குக் குடிநீர் தரும் 10 நீர்த்தேக்கங்கள் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன; 2017இல்தான் எல்லோரும் இலவசமாகச் சென்று பார்க்கும்படி திறந்துவிட்டார்கள். இந்த நாட்டு இலையுதிர்கால மழை நம் ஐப்பசி மழையைப் போல அடித்துப் பெய்து ஓய்வதில்லை. விடுவதாகவும் இல்லாமல், வலுப்பதாகவும் இல்லாமல் நாள் முழுவதும் தூறிக்கொண்டே இருக்கும். குடை எடுத்து வர வேண்டாமென்று நண்பர் முன்பே சொல்லிவிட்டார், ஏனெனில் குடைமேல் துளி விழும் சத்தத்தில் பறவையின் குரல் காதில் விழாது.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது சற்று நேரத்திலேயே விளங்கியது. புதருக்குள்ளிருந்து மெல்லிய, இழுத்த ஒரு குரல் கேட்டதும் அவர் நின்று கைகாட்டினார். சிவந்த பழங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கிய முள்மரத்தில் ரெட்விங் என்னும் பூங்குருவிகள் அமர்ந்திருந்தன. கண்ணுக்கு மேலே வெண்கோடும், இறக்கையை விரித்தால் அடியில் செங்கல் நிறமும் கொண்ட இப்பறவைகள், குளிருக்குத் தப்பி ஸ்காண்டிநேவியாவிலிருந்து வடகடலைத் தாண்டி இரவில் பறந்து வருபவை. வழியில் மழையும் தாழ்ந்த மேகமும் குறுக்கிட்டால், பயணத்தைத் தொடர முடியாமல் கண்ணில் பட்ட நிலத்தில் இறங்கிவிடுகின்றன. வானம் தெளிவாக இருந்திருந்தால் அவை எங்கள் தலைக்கு மேலே எங்கோ கடந்து போயிருக்கக்கூடும். உங்கள் கேள்விக்கு என் பதில் பெரும்பாலும் இதுதான், அப்பா.

நீர்ப்பரப்பில் நீர்க்காகமும் சாம்பல் நாரையும் நெற்றியில் நாமமிட்ட நாமக்கோழியும் இருந்தன; அவற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தட்டைவாயன் வாத்துகளை இவ்வளவு அருகில் நான் பார்த்ததே இல்லை. கரண்டி போல் அகன்ற அலகை நீரில் ஆழ்த்தியபடி, ஒன்றன் வாலை ஒன்று தொடர்ந்து வட்டமாகவே நீந்திக்கொண்டிருந்தன. அந்தச் சுழற்சியில் மேலெழும் நுண்ணுயிர்களை, அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் பற்களால் வடித்து உண்கின்றன. கோடை முடிவில் இறகுதிர்த்த ஆண் வாத்துகளுக்குத் தலையின் பச்சை நிறம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. பாதி பழுப்பும் பாதி பச்சையுமாக இருந்ததால் ஆண் எது, பெண் எது என்று நானும் நண்பரும் நெடுநேரம் வாதிட்டோம். தொலைநோக்கியின் கண்ணாடியில் நீராவி படிந்து, துடைத்துத் துடைத்துக் கைக்குட்டையும் ஈரமாகிவிட்டது என்பதைத் தவிர வேறு தொல்லை இல்லை.

மழைக்கோட்டும் முழங்கால் வரை வரும் காலணியும் இருப்பதால் சளி பிடிக்குமென்று அம்மா கவலைப்பட வேண்டியதில்லை. இதே தட்டைவாயன்கள் குளிர்காலத்தில் வேடந்தாங்கலுக்கும் வருகின்றன அல்லவா? அந்தப் பக்கம் போனால், ஆண் வாத்துகளின் தலை அங்கே முழுப் பச்சையாகிவிட்டதா என்று பார்த்து எழுதுங்கள்; எங்கள் வாதத்தைத் தீர்க்க உதவும்.

அன்புடன்,
உங்கள் மகன்