பின்சீட்டில் அம்மா

அன்புள்ள செல்வம்,

நீ மேலூருக்கே திரும்பிவிட்டாய், பழைய பைக் ஒன்றும் வாங்கிவிட்டாய் என்று உன் தம்பி சொன்னான். அம்மாவை மாதா மாதம் கண் ஆஸ்பத்திரிக்கு அதில்தான் கூட்டிப்போகப் போகிறாயாமே. வண்டியில் பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் தடுக்கும் சாரி கார்டு இல்லை, முன்பு வைத்திருந்தவர் கழற்றிவிட்டார் என்றும் சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

நானும் ஒரு காலத்தில் அதைக் கழற்றியவன்தான். வண்டி பார்க்க நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். 2009இல் என் மனைவியோடு அழகர்கோவில் போய்த் திரும்பும்போது, அப்பன்திருப்பதி தாண்டியதும், பின்னால் இருந்து "ஏங்க" என்று ஒரே ஒரு சத்தம். முந்தானை சக்கரத்தில் சுற்றி அவளைக் கீழே இழுத்துவிட்டது. மெதுவாகப் போனதால் முழங்கை சிராய்ப்போடு தப்பினாள். ஸ்போக்ஸில் இறுகியிருந்த சேலையை ஒரு டீக்கடைக்காரர் கத்தியால் அறுத்து எடுத்தார். கிரீஸ் படிந்த அந்தத் துணியின் முறுக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும் என்று 1989ஆம் வருஷத்து மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் லைசென்ஸ் எடுத்துவிட்டாள். போன மாதம் எனக்குக் கணுக்கால் பிசகியதால் மூன்று வாரம் அவளுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துதான் போய்வந்தேன். முப்பது வருஷமாக ஓட்டுகிறவனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஓட்டுகிறவர் பள்ளத்தைப் பார்த்ததுமே உடம்பை இறுக்கிக்கொள்கிறார். பின்னால் இருப்பவருக்குத் தெரிவது முன்னால் இருப்பவர் முதுகுதான். இடுப்பில் அடி விழுந்த பிறகுதான் பள்ளம் வந்ததே தெரியும். அந்த சீட் சக்கரத்துக்கு மேலேயே இருப்பதால் அடியும் பலமாக விழும். இப்போது யாரை ஏற்றினாலும் "ஸ்பீட் பிரேக்கர் வருது", "பிரேக் போடுறேன்" என்று சொல்லிக்கொண்டேதான் ஓட்டுகிறேன். நீயும் சொல்லு. அம்மாவுக்குப் பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

அம்மா ஒரு பக்கமாகத்தான் உட்காருவார்கள், இந்த வயதில் மாற்றச் சொல்ல முடியாது. அவர்கள் ஏறும்போது இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொள். அவர்கள் "சரி" என்று சொல்லாமல் கிளட்சை விடாதே. முழங்கால் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே நுழையாதே. டயர் காற்று தனி ஆளுக்கு ஓர் அளவு, இரண்டு பேருக்கு ஓர் அளவு. செயின் கவரில் ஸ்டிக்கர் இருக்கும், இல்லாவிட்டால் மெக்கானிக்கிடம் கேள்.

அப்புறம் ஹெல்மெட். 2015 ஜூலையில் கோர்ட் உத்தரவு வந்தபோது ஊரே கடைக்கு ஓடியது, நினைவிருக்கிறதா? பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்துத்தான் அந்த உத்தரவு. நம்மில் எத்தனை பேர் இரண்டு வாங்கினோம்? அம்மாவைக் கடைக்கே கூட்டிப்போய், கொண்டையோடு போட்டுப் பார்த்து, ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக வாங்கு.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மேலூரிலிருந்து மதுரைக்கு அந்த நாலுவழிச் சாலையில் அம்மாவை பைக்கில் கூட்டிப்போகவே வேண்டாம். லாரி ஒன்று ஒட்டிக் கடந்தால் அந்தக் காற்றே ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பவரை ஆட்டிவிடும். பஸ்ஸில் போங்கள். பஸ் ஸ்டாண்டு, சந்தை, கோயில் வரைக்கும் பைக் போதும்.

என்னிடம் ஒரு சாரி கார்டு சும்மா கிடக்கிறது. உன் வண்டி எந்த மாடல் என்று எழுது. சேருமென்றால் அடுத்த வாரம் வரும்போது கையோடு கொண்டுவந்து நானே மாட்டிவிடுகிறேன். அதுவரை அம்மாவை ஏற்றாதே.

அன்புடன்,
ராஜு
திருச்சி